காலி அரங்குக்கு ஒரு நுழைவுச்சீட்டு

அரங்கில் ஆட்களைத் தேடித்தான் பார்க்கவேண்டும். நான் மைதானத்தின் நடுக்கோட்டுக்கு நேராக, வெயில் படுகிற ஓர் இருக்கையில் போய் அமர்ந்தேன். மஞ்சள் அங்கி போட்ட பெண்மணி ஒருவர் மூச்சுவாங்கப் படியேறி வந்து, கைபேசியில் இருந்த ரிக்கெற்றைக் காட்டச் சொன்னார். இது உங்கள் இருக்கை இல்லை, இந்தப் பகுதிக்கு விலை கூட என்றார். சுற்றவரப் பார்த்தேன். பின்வரிசையில் ஒரு கடற்காகம் மட்டும் இருந்தது. யாராவது வந்தால் எழும்பி விடுகிறேன் என்றேன். "யாரும் வரமாட்டார்கள்," என்றார் அவர். "ஆனாலும் இது உங்களுடையது இல்லை." மூலையில், நிழலும் குளிருமாக இருந்த என் இடத்துக்குப் போனேன்.

என் மகன் ஆரூரன் இங்கே ரொறன்ரோவில் ஒரு பல்கலைக்கழக அணியில் ஃபுட்போல் விளையாடுகிறான். நம் ஊரில் காலால் அடிக்கிற பந்து அல்ல. தலைக்கவசமும் தோள்காப்பும் போட்டுக்கொண்டு, பந்தைக் கையில் பிடித்து ஓடுகிறவனை மற்றவர்கள் மோதி விழுத்துகிற ஆட்டம். அவன் சேர்ந்த வருடம் மாணவர்கள் முகத்தில் வர்ணம் பூசிக்கொண்டு மேளம் அடித்தார்கள். பிறகு ரிக்கெற் விலை ஏறியது. கார் நிறுத்தும் கட்டணம் ஏறியது. வீட்டிலிருந்து சாப்பாடு எதுவும் கொண்டுவரக்கூடாது என்றார்கள். என் மனைவி சுற்றித் தந்த றோல்ஸை வாசலில் குப்பைக்குள் போட்டேன். ஆட்கள் குறைந்தபோது, அந்த நட்டத்தை மிச்சம் இருந்தவர்களிடம் வாங்கினார்கள். கடைசியில் மிஞ்சியவர்கள் பெற்றோர்தான். எங்களால் வராமல் இருக்க முடியாது என்பது ரிக்கெற் விற்பவர்களுக்குத் தெரியும். வோபர்னில் கடை வைத்திருக்கும் என் நண்பர் குகன் என்னைக் கண்டால் விடமாட்டார். "உலகத்தில காசும் குடுத்துப் பிள்ளைக்கு அடியும் வேண்டிக் குடுக்கிற ஆள் நீர் ஒராள்தான் ஐசே."

யாழ்ப்பாணத்தில் எங்கள் பள்ளிக்கூட மைதானத்துக்கு ரிக்கெற் கிடையாது. மதிலில், சைக்கிள் கரியரில், வேப்பமரக் கொப்பில் என்று சனம் தொங்கும். மூலையிலிருந்து பந்தடிக்க வருபவன் முதலில் எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லவேண்டும். ஒருவன் விழுந்தால் சனம் முழுவதும் மைதானத்துக்குள் ஓடும், எல்லோரும் வைத்தியர்கள். அதே மைதானத்தில் ஒரு காலை, சுற்றிவளைப்பில் பிடித்த எங்களை இராணுவம் வரிசையாக முழந்தாளில் இருத்தியது. அன்று என் முன்வரிசையில் இருந்தவர்களில் சிலர் வீடு திரும்பவில்லை. முழந்தாளிட்ட வரிசை என்றால் எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

ரொறன்ரோவில், என்னை மூலைக்கு அனுப்பிய அந்த ஆட்டத்தின் பின்பாதியில் ஆரூரன் பந்தைப் பிடித்தான். இரண்டு பேர் இரண்டு பக்கத்தால் வந்து மோதினார்கள். கவசங்கள் மோதிய சத்தம் மூலையில் இருந்த எனக்குப் பக்கத்தில் கேட்பதுபோலக் கேட்டது. அதை மறைக்க அரங்கில் சனம் இல்லை. அவன் எழும்பவில்லை. அப்போது மைதானத்தில் ஒருவன் முழந்தாளிட்டான். பிறகு இன்னொருவன். இரண்டு அணிகளும், ஓரத்தில் நின்ற பயிற்சியாளர்களும்கூட, அசையாமல் தரையில் ஒரு முழந்தாள் ஊன்றி இருந்தார்கள்.

என் பிள்ளை முடிந்துவிட்டான் என்று நினைத்தேன். படிகளில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. வேலியடியில் காவலர் என்னைப் பிடித்துக்கொண்டார். "அவங்களை எழும்பச் சொல்லு! எழும்பச் சொல்லு!" என்று தமிழில் கத்தினேன். என் கை காட்டியதைப் பார்த்து, மகன் எழும்பவேண்டும் என்று நான் கத்துவதாக அவர் விளங்கிக்கொண்டார். அவன் அசையாமல் கிடப்பதுதான் நல்லது என்றார். செத்துவிட்டானா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் முகம் மாறியது. "இல்லை ஐயா. யாருக்காவது காயம் பட்டால் இங்கே எல்லோரும் இப்படித்தான் செய்வார்கள்." அதே நேரம் ஒலிபெருக்கி, அடுத்த சனிக்கிழமை குடும்பமாக வந்தால் ஒரு குளிர்பானம் இலவசம் என்றது. அதை நிறுத்த ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவனை ஏற்றிக்கொண்டு அம்புலன்ஸ் புறப்பட்டது. பின்னால் போக காரை எடுத்தேன். தரிப்பிடத்தின் தடுப்புக்கட்டை எழும்பவில்லை. இன்று விசேட கட்டணம், மிச்சத்தைக் கட்டு என்றது இயந்திரம். அவசரத்தில் அட்டை இரண்டு முறை கீழே விழுந்தது. சைரன் சத்தம் தெருவில் தேய்ந்துகொண்டு போனது. ஆஸ்பத்திரியில் அவனை ஸ்கானுக்கு உள்ளே கொண்டுபோயிருந்தபோது கைபேசியில் ஒரு செய்தி: இன்றைய அனுபவத்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்? போர் எங்களிடமிருந்து எடுத்தது கொஞ்சமல்ல. ஆனால் எடுத்தபிறகு திருப்தியா என்று கேட்டதில்லை.

மூளை அதிர்ச்சி என்றார்கள். மல்வேர்னில் எங்கள் வீட்டில் அவனுடைய அறைக்குத் திரை போட்டோம். வெளிச்சம் ஆகாது, கைபேசி, தொலைக்காட்சி எதுவும் பார்க்கக்கூடாது. தலையிடி போனதும் திரும்ப விளையாடப் போவதாகச் சொல்கிறான். "உனக்கு இன்னும் காணாதோ?" என்று கேட்டுவிட்டு என் மனைவி அவனோடு கதைப்பதை நிறுத்தினாள். நான் இரண்டு பேருக்கும் நடுவில் சாப்பாட்டுக் கோப்பையோடு போய்வருகிறேன்.

அடுத்த சனிக்கிழமை ஆரூரன் என் கையைப் பிடித்தான். "அப்பா, கேமைப் போடுங்கோ. நான் பாக்க மாட்டன், ப்ராமிஸ். நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ."

"உந்தக் கண்றாவியை நான் பாக்கவோ?"

"ப்ளீஸ் அப்பா."

கைபேசியை அவனுக்குத் தெரியாதபடி திருப்பிப் பிடித்தேன்.

"பந்து ஆரிட்ட?"

"உந்த நெடுவலிட்ட."

"அப்பா, ஹீ இஸ் த குவார்ட்டர்பாக்! டீமையே நடத்திறவர்!"

"இப்ப எறிஞ்சிட்டான். கவசத்துக்கு வெளியால முடி தொங்கிற ஒரு சுருட்டைத் தலையன் பிடிச்சிட்டான்."

அந்தச் சுருட்டைத் தலையன் அன்று முழந்தாளிட்டவர்களில் ஒருவன். யாரோ பெற்ற பிள்ளை. இடதுபுறம் இருவர் அவனை நோக்கி வருவதைக் கண்டேன். "ஓடு! ஓடடா தம்பி, ஓடு!" என்று கத்தினேன்.

குசினியிலிருந்து மனைவி ஓடிவந்து வாசலில் நின்றாள். கை முழுக்க மாவு. "ஐயோ, ஆரப்பா விழுந்தது?"

"ஒருத்தரும் விழேல்லை," என்றேன்.

ஆரூரன் கண்ணை மூடியபடி சிரித்தான். என் ஒரு கை அவன் நெற்றியில் இருந்தது. மற்றக் கை, கைபேசியோடு, எனக்குத் தெரியாமலே மேலே உயர்ந்திருந்தது.