சாக்ஸ்கார அக்காவின் கை

சாக்ஸ்கார அக்காவிடம் அறை வாங்காதவர்கள் அந்த மலையடிவாரத்தில் குறைவு. ஜீப் ஓட்டுநர் வாங்கியிருக்கிறார். அனுமதிச் சீட்டு கொடுக்கும் குமாஸ்தா வாங்கியிருக்கிறார். அன்று அவர் ஒரு பக்கமும் அவருடைய மூக்குக்கண்ணாடி ஒரு பக்கமுமாகப் போய் விழுந்தார். இவள் கூட்டி வந்தவர்களைப் பாதி வழியில் தன் பக்கம் இழுக்கப் பார்த்த இன்னொரு வழிகாட்டிக்கு முன்பல் ஒன்று போயிற்று. ஆள் என்னவோ ஒல்லிக்குச்சிதான். வாய் பேச வேண்டிய இடத்தில் கை முந்திக்கொள்ளும், அவ்வளவுதான்.

இருபத்திரண்டு வருடமாக அவளுக்கு அந்த மலையில் வழிகாட்டி வேலை. மூன்று நாள் ஏற்றம் இறக்கம், உச்சியில் பனி. புறப்படும் இடத்தில் நீளமாக ஒரு சிமென்ட் பெஞ்சு உண்டு. மலையேற வந்தவர்கள் எப்பேர்ப்பட்ட ஆளானாலும் அதில் உட்கார்ந்து ஷூவைக் கழற்ற வேண்டும். அக்கா குனிந்து ஒவ்வொருவர் சாக்ஸையும் விரலால் நிமிண்டிப் பார்ப்பாள். பருத்தி என்றால் அங்கேயே உருவி, பக்கத்தில் இருக்கும் குப்பை டிரம்மில் போட்டுவிட்டு, தன் பெட்டியிலிருந்து கம்பளி சாக்ஸ் எடுத்துக் கொடுப்பாள். பருத்தி வியர்வையைக் குடிக்கும், விடாது. ஈரத்தில் ஊறிய தோல் இரண்டாம் நாள் உரியும். இதை அவள் நூறு கால்களில் பார்த்தாயிற்று.

ஒருமுறை உடம்பெல்லாம் முறுக்கேறிய ஓர் இளைஞன், கம்பளிதான் என்று சத்தியம் செய்துவிட்டு, உள்ளே பருத்தியும் மேலே கம்பளியுமாகப் போட்டுக்கொண்டு வந்தான். மறுநாள் பாதி மலையில் குதிகால் கிழிந்து உட்கார்ந்து அழுதான். அக்கா விட்ட அறையில் அவன் அழுகை நின்றது. பிறகு அவனை முதுகில் சுமந்து இறக்கியவளும் அவள்தான். அடித்த கையே தூக்கவும் செய்ததால் யாரும் அவள் மேல் புகார் எழுதியதில்லை. ‘அக்கா அப்படித்தான்’ என்று சிரித்துவிட்டுப் போனார்கள். அந்தச் சிரிப்பு ஒரு பெரிய அயோக்கியத்தனம் என்பது பின்னால்தான் தெரிந்தது.

அவளுக்கென்று மூன்று ஜோடி சாக்ஸ். ஒன்று காலில், துவைத்த ஒன்று பையின் முதுகில் ஊசி குத்திக் காய்ந்தபடி, இன்னொன்று பிளாஸ்டிக் உறைக்குள், படுக்கும்போது மட்டும் போட. வீடு வந்ததும் உள்பக்கம் வெளியே திருப்பி, வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பூ விட்டு அலசுவாள். முறுக்கிப் பிழிய மாட்டாள். துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் பரப்புவாள். மாதம் ஒருமுறை உள்ளே கையை விட்டு ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்ப்பாள். குதிகாலில் வெளிச்சம் தெரிந்தால் அதன் ஆயுசு முடிந்தது. அடுப்பு துடைக்கப் போய்விடும். தைத்துப் போடும் பேச்சே கிடையாது. தையல் முடிச்சு இரண்டாம் நாள் கத்தியாகிவிடும் என்பாள்.

ஒரு ஜோடி சாக்ஸுக்கு இத்தனை பொறுமை காட்டியவள் மனிதர்களிடம் ஏன் காட்டவில்லை என்று கேட்டால், அவள் புருஷன் கதையைச் சொல்ல வேண்டும். ஆறு வருடம் அவன் அவளை அடித்தான். பெல்ட்டால், கரண்டியால், ஒருநாள் இஸ்திரிப் பெட்டியால். ஒரு காலை அவள் மலைக்குக் கிளம்ப ஒரு ஷூவைப் போட்டு மறு ஷூவைக் கையில் எடுத்திருந்தபோது பின்னாலிருந்து முடியைப் பிடித்து இழுத்தான். அவள் திரும்பி, கையிலிருந்த ஷூவை முழு வேகத்தில் வீசினாள். பனியில் பிடிமானத்துக்காக அடியில் ஆணி வைத்த ஷூ. கன்னத்து எலும்பு உடைந்த சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டதாம். அவன் விழுந்தான், இவள் நிறுத்தவில்லை. கடைசியில் முகத்தில் துண்டை அழுத்திக்கொண்டு தவழ்ந்து வாசலைத் தாண்டியவன் திரும்பி வரவில்லை. மேஜைக்கடியில் மூன்று வயது மகள் உட்கார்ந்திருந்தாள்.

அன்றைக்கு அவளுக்கு அடியின் ருசி தெரிந்துவிட்டது. முதலில் அடிப்பவர் பிழைத்துக்கொள்வார் என்று முடிவு கட்டிக்கொண்டாள். மகளையும் அப்படித்தான் வளர்த்தாள். பால் கொட்டினால் அறை, பள்ளிக்குத் தாமதமானால் அறை, காய்ச்சலை மறைத்தால் அதற்கும் அறை. உயிராகத்தான் இருந்தாள், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. அந்த உயிர் மகளுக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் கேள்வி.

மகளுக்கு இப்போது இருபது வயது. அம்மாவிடம் தொழில் பழகினாள். உரிமம் வாங்க, ஒரு வழிகாட்டியின் கீழ் பத்து முறை ஏறி இறங்கியதாகக் கையெழுத்து வேண்டும். ஒன்பது முடிந்துவிட்டது. முன்னால் தான், பின்னால் மகள், நடுவே கூட்டம் என்று சாகும்வரை அந்த மலையில் இரண்டு பேருமாக நடக்க வேண்டும். அக்காவுக்கு உலகத்தில் வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

பத்தாவது ஏற்றத்துக்கு இரண்டு நாள் முன்பு, சேறு போகட்டும் என்று மகள் தன் சாக்ஸை வாளியில் போட்டு, அடுப்பில் கொதித்த தண்ணீரை அப்படியே கவிழ்த்துவிட்டாள். கொதிநீர் பட்ட கம்பளி சுருங்கிக் கெட்டிதட்டிப்போகும். அக்கா உள்ளே வந்தபோது மகள் கையில் ஒரு ஜோடி, குழந்தைக் கால் அளவுக்கு நின்றது.

“எத்தன தடவடி சொல்லியிருக்கேன்?”

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. முதல் அறையில் உதடு கிழிந்தது. இரண்டாவதில் மகள் வாளியின் மேல் விழுந்தாள். ஈர சாக்ஸைச் சுருட்டி முதுகிலும் கழுத்திலும் விளாசினாள். கை ஓய்ந்த பிறகு மருந்து கொண்டுவந்து உதட்டில் தடவிவிட்டு, சோறு போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடவும் வைத்தாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தாள்.

வாளியில் இருந்தது இரண்டு ஜோடி. இரண்டாவதை மகள் அடிக்குப் பயந்து மெத்தைக்கடியில் ஒளித்துவிட்டாள், அம்மாவின் பெட்டியிலிருந்து வேறு கேட்கவும் வாய் வரவில்லை. அவளுடைய மூன்றில் நல்லதாக மிஞ்சியது ஒரே ஒரு ஜோடி.

புறப்பட்ட அன்று பெஞ்சில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்தார்கள். அவர்கள் சாக்ஸை நிமிண்டிப் பார்த்தது மகள்தான். பார்க்கிறவள் சாக்ஸை யார் பார்ப்பது? அந்த வழக்கமே அங்கே கிடையாது.

முதல் நாள் ஓடை தாண்டும்போது மகளின் நல்ல ஜோடி நனைந்தது. மறுநாள், பனியில் ஏறும் நாள், அவள் சுருங்கியதை வலிக்க வலிக்கப் பல்லைக் கடித்து இழுத்து மாட்டினாள். நான்கடி முன்னால் நடந்த அம்மாவின் பையில் உலர்ந்த ஜோடி இருந்தது. கேட்கவில்லை. விரல்கள் மடங்கி ஒன்றன்மேல் ஒன்று ஏறின. கணுக்காலில் விளிம்பு கயிறாக இறுக்கியது. மதியத்துக்குமேல் விரல்கள் இருப்பதே தெரியவில்லை. வலி நின்றுவிட்டதே என்று சந்தோஷப்பட்டாள், பாவி.

“என்னடி, ஆமை மாதிரி வர்ற?”

“வந்துட்டேன்மா.”

மூன்றாம் நாள் இறக்கத்தில், கூட்டத்தில் இருந்த ஒரு பள்ளிக்கூட டீச்சர்தான் கற்படியில் சிவப்புத் தடத்தைப் பார்த்தார்.

“மேடம், உங்க பொண்ணு கால்ல ரத்தம்.”

அக்கா ஓடிவந்து மகளைப் பாறையில் உட்கார வைத்து ஷூவைக் கழற்றினாள். அழுகல் நாற்றம் அடித்தது. சாக்ஸ் தோலோடு ஒட்டிப்போயிருந்தது. கத்தியால் கீறி உரித்தாள். தோலும் கூடவே வந்தது. சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும் கறுத்திருந்தன. கையில் இருந்த அந்தச் சுருங்கின துணியை அவளுக்கு உடனே அடையாளம் தெரிந்தது.

“ஏன்டி சொல்லல? வாயில என்னடி வச்சிருந்த?”

கை தானாக ஓங்கியது. மகள் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு சுருண்டாள். ஓங்கிய கை இறங்கவில்லை. டீச்சர் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். நகம் பதிந்து ரத்தம் வந்தது.

“இறக்குங்க. இப்ப நீங்க அடிச்சா, இந்தக் கல்ல எடுத்து உங்க மண்டைய உடைப்பேன். சத்தியமா சொல்றேன்.”

பதினேழு வருடத்தில் யாரும் பிடிக்காத கை. அக்கா குனிந்து முதுகைக் காட்டினாள். நான்கு மணி நேரம் சுமந்து இறங்கினாள். மகள் கழுத்தைக் கட்டிக்கொள்ளவில்லை. தோள்பட்டையில் சட்டைத் துணியை மட்டும் நுனிவிரலால் பிடித்தபடி, உடம்பு படாமல் விறைத்துக்கொண்டே வந்தாள்.

சீழ் மேலே ஏறுவதற்குள் இரண்டு விரல்களையும் எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர். எடுத்தார்கள்.

அதற்கு நான்காம் நாள் அக்கா அலுவலகத்துக்குப் போய்ப் பத்தாவது கையெழுத்தை வாங்கினாள். குமாஸ்தா போட்டுக் கொடுத்தார். இரண்டு விரல் இல்லாமலும் மலை ஏறலாம், விரல் இருந்த இடத்தில் கம்பளி உருண்டை வைத்துக்கொள்ளலாம், அப்படி ஏறுகிறவர்களைத் தனக்குத் தெரியும் என்று மகளிடம் பேச வேண்டியதை வழியெல்லாம் மனசுக்குள் கோத்துக்கொண்டு, தாளை மடிக்காமல் பிடித்தபடி ஆஸ்பத்திரி வராந்தாவில் வேகமாக வந்தாள். அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே நர்ஸ் கட்டு மாற்றத் தயாராகிக்கொண்டிருந்தார்.

“ஒட்டியிருக்கும்மா, பிரிக்கிறப்ப நல்லா வலிக்கும். உங்கம்மா வந்ததும் பக்கத்துல நிக்கச் சொல்லட்டுமா? கையப் புடிச்சுப்பாங்க.”

“வேணாம் சிஸ்டர். வந்தாலும் வெளியவே இருக்கச் சொல்லுங்க.”

“ஏன்மா?”

“அவங்க இருந்தா கத்த முடியாது. அடிப்பாங்க.”

குரலில் கோபமோ அழுகையோ இல்லை. மணி என்ன என்று கேட்டவருக்குச் சொல்வதுபோல் சொன்னாள். நர்ஸ் எழுந்துவந்து கதவைச் சாத்தினார். வெளியே நின்றவளைப் பார்த்தும் சாத்தினார்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே மகள் கத்த ஆரம்பித்தாள். அந்தக் குரல் எப்படி இருக்கும் என்றே அக்காவுக்கு அதுவரை தெரியாது. அது ஏறி ஏறி வந்தது, உடைந்தது, மறுபடி எழுந்தது. வராந்தாவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். யாரோ, “உள்ள போங்கம்மா, உங்க பொண்ணுதானே?” என்றார்கள். அவள் தன் வலது கையை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தாள் தரையில் விழுந்ததைக்கூட எடுக்காமல் நின்றாள். உள்ளே மகள் கத்தி முடிக்கும்வரை கதவைத் திறக்கவில்லை.