பழைய நிரலில் என் பெயர்

நாங்கள் எழுதும் கணினி நிரலைத் தானாகவே சரிபார்க்கிற மென்பொருள் ஒன்றைத் தெரிவுசெய்யும் பொறுப்பை மனேஜர் எங்கள் இருவரிடமும் விட்டார். இடைவெளி ஒழுங்காக இருக்கிறதா, பெயர்கள் ஒரே முறையில் இருக்கின்றனவா, பாவிக்காத வரி எங்காவது கிடக்கிறதா என்று பார்த்துச் சொல்லும், அவ்வளவுதான். இந்தச் சின்ன விசயத்தில் போய் ஒருத்தி நம்பவைத்துக் கழுத்தறுப்பாள் என்று யார் கண்டது?

ஒருத்தி என்றது என் சிநேகிதியை. திருநெல்வேலிச் சந்திக்குக் கிட்ட, ஒரு கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஒஃபிஸ். அவளும் நானும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், உடுப்பிட்டியிலிருந்து ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள். அந்த நேரம் எங்களில் ஒருவரை இங்கே அணித் தலைவியாக்குவது, மற்றவரைக் கொழும்புக் கிளைக்கு அனுப்புவது என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. எனக்குப் பதவியில் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. மகள் அப்போதுதான் முதலாம் வகுப்புக்குப் போகத் தொடங்கியிருந்தாள். அவளை விட்டுவிட்டுக் கொழும்புக்குப் போகக்கூடாது. சிநேகிதிக்கு இன்னும் கலியாணம் ஆகவில்லை. "நான் எங்கை எண்டாலும் இருப்பன். நீ பிள்ளைக்காரி, நீ இஞ்சை நில்" என்று தன் வாயாலேயே சொன்னவள்.

தெரிவு கடைசியில் இரண்டுக்குள் வந்து நின்றது. ஒன்று புதிதாக எழுதும் வரிகளை மட்டும் பார்க்கும். மற்றது பழையது, புதியது எல்லாவற்றையும் துருவி, ஒவ்வொரு பிழைக்குப் பக்கத்திலும் அந்த வரியைக் கடைசியாகத் தொட்டவரின் பெயரைப் போடும். முன்னிருந்தவர்கள் குப்பையாக விட்டுப்போன கோப்புகளைப் பிரித்து அடுக்கியவள் நான். வரிகளை இடம் மாற்றி வைத்ததால் எழுதியவர்களின் பெயர் போய் என் பெயர் ஏறியிருந்தது.

"ரெண்டாவதைப் போட்டா ஆரோ விட்ட பிழை எல்லாம் என்ரை தலையிலைதான் விழும்" என்று பஸ்ஸில் அவளிடம் சொன்னேன்.

"எனக்குத் தெரியாதே? முதலாவதுதான் வேணும் எண்டு ரெண்டு பேரும் ஒண்டாச் சொல்லுவம். நீ ஏன் பயப்பிடுறாய்?" என்றாள்.

மீற்றிங்கில் முதலாவதைப் பற்றி நான் சொல்லி முடித்துவிட்டு அவளைப் பார்த்தேன். அவள் மனேஜரைப் பார்த்தாள்.

"சேர், பழசை ஒளிச்சு வைக்கிறதிலை என்ன பிரயோசனம்? எல்லாத்தையும் பாக்கட்டும். பேரும் தெரிஞ்சா ஆர் திருத்தவேணும் எண்டு விளங்கும்."

ஒளிச்சு வைக்கிறதாம்! நான் ஏதோ களவெடுத்து வைத்திருக்கிற மாதிரி.

அவள் சொன்னதையே போட்டார்கள். வந்த அறிக்கையில் மேலிருந்து கீழ்வரை என் பெயர். மனேஜரிடம் போய், நான் எழுதாததையும் நகர்த்தி மட்டும் வைத்ததையும் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினேன். பொறுமையாகத்தான் பார்த்தார். "எனக்கு விளங்குது பிள்ளை. மேலை இருக்கிறவை பேரைத்தானே பாப்பினம்" என்றார்.

அவள் தலைவியானாள். அன்று பின்னேரம் பஸ்ஸில் பக்கத்தில் வந்து இருந்து, "என்னோடை கோவமே?" என்று கேட்டாள்.

"கோவமில்லையடி. உன்னைப் பாக்க அரியண்டமா, அருவருப்பாக் கிடக்கு" என்றுவிட்டு எழும்பி, உடுப்பிட்டி வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன்.

மகளை என் அம்மாவிடம் விட்டுவிட்டு நான் கொழும்புக்குப் போன பிறகு ஒருநாள், வேலை விசயமாக வீடியோவில் வந்தாள். "உந்தச் சனியன் பழசு எல்லாத்துக்கும் கத்திக்கொண்டு கிடக்கு, ஒருத்தருக்கும் வேலை செய்ய ஏலாது. புது வரியை மட்டும் பாக்கிற மாதிரி மாத்திப் போட்டன். நீ அண்டைக்குச் சொன்னது சரிதானடி" என்று சிரித்தாள். நான் வேலை விசயத்துக்கே திரும்பி, அடுத்த கோப்பைத் திறந்தேன்.

"உன்ரை மகளைக் காலமை றோட்டிலை கண்டனான். முன்பல்லு ரெண்டும் விழுந்திட்டுது. சிரிக்க என்ன வடிவடி!" என்றாள்.

"ஓம்" என்றேன். நான் அதைப் போனில்தான் பார்த்திருந்தேன்.