கடல் தண்ணீரில் முட்டை

ஒன்பதாம் வகுப்புக்கு நான் செய்துகாட்டவிருந்தது எளிய சோதனை. சாதாரணத் தண்ணீரில் முட்டை மூழ்கும். உப்பைக் கரைத்துக்கொண்டே வந்தால் மேலே எழும். முந்தின நாள் சமையலறையில் செய்து பார்த்தேன். முட்டை எழும்பியபோது இடுப்பிலிருந்த என் மகள் கைதட்டினாள். எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. முட்டையை மாற்றி, பாத்திரத்தை மாற்றி, மறுபடியும் செய்தேன். அந்த வகுப்பை வீடியோ எடுத்து நிர்வாகத்துக்கு அனுப்பப்போவதாகவும், அதைப் பார்த்துத்தான் ஜூனில் எனக்கு வேலை உண்டா என்பது முடிவாகும் என்றும் தலைமையாசிரியை சொல்லியிருந்தார். நான் வருஷத்துக்கு வருஷம் நீட்டிக்கப்படும் தற்காலிக ஆசிரியை.

எங்கள் பள்ளியில் அறிவியல் என்பது கேமராவுக்குச் செய்யும் அலங்காரம். கண்காட்சி என்றால் நாகர்கோவிலில் கடை இருக்கிறது. தெர்மாக்கோல் இதயமும் தெர்மாக்கோல் சூரிய மண்டலமும் பெயிண்ட் அடித்துத் தயாராக இருக்கும். பெற்றோர் வாங்கிக் கொடுப்பார்கள், பிள்ளைகள் சப்பரம் போலத் தூக்கி வருவார்கள். பரிசு பெரிய மாடலுக்கு. பூமியைவிடச் செவ்வாய் பெரிதாக இருந்த ஒன்றுக்கு முதல் பரிசு கொடுத்ததை நானே பார்த்திருக்கிறேன்.

அன்று காலை என் கையிலிருந்த உப்புப் பொட்டலத்தைப் பார்த்து தலைமையாசிரியை சிரித்தார்.

"கடல பக்கத்துல வெச்சுக்கிட்டு பாக்கெட் உப்பா டீச்சர்? பிள்ளைங்க கடல் தண்ணியக் கொடத்துல கொண்டு வரட்டும். வீடியோவுல நல்லாருக்கும்."

நான் இயற்பியலில் முதுகலை. கடலும் உப்புதானே என்று தலையாட்டினேன்.

மாணவிகள் பிளாஸ்டிக் குடங்களில் கடல் தண்ணீர் கொண்டு வந்தார்கள். நடை வீடியோவில் சரியாக விழவில்லை என்று வாசல்வரை திரும்பிப் போய் மறுபடியும் வரச் சொன்னார் தலைமையாசிரியை. தண்ணீரைக் கண்ணாடித் தொட்டியில் ஊற்றி முட்டையை விட்டேன். அது நேராக அடியில் போய் உட்கார்ந்தது.

"முங்கிட்டு டீச்சர்!"

"பொறு ஏட்டி, குளிச்சிட்டு மேல வரும்."

வகுப்பு சிரித்தது. தலைமையாசிரியை போனைத் தாழ்த்தி, வேறு முட்டை போடச் சொன்னார். அதுவும் மூழ்கியது.

"கூமுட்டை இருந்தா குடுங்க மேடம். அது கட்டாயம் மிதக்கும்" என்றேன்.

தலைமையாசிரியை என் அருகில் வந்து, "பைய உப்பப் போட்டிருங்க. அந்த எடத்த நான் கட் பண்ணிக்கிடுதேன்" என்றார்.

இத்தனை கண்களுக்கு முன்னால் எதையும் பைய, யாரும் கவனிக்காமல், போட எனக்குத் தெரியாது. எல்லோரும் பார்க்கவே பொட்டலத்தைப் பிரித்தேன். கடல் தண்ணீர் கிணற்றுத் தண்ணீரைவிட அடர்த்தி, ஆனால் முட்டை அதையும்விட அடர்த்தி, அதனால் இன்னும் உப்பு வேண்டும் என்று சொன்னேன். ஒரு மீனவர் வீட்டு மாணவி கரண்டியால் கலக்கினாள். முட்டை அசைந்து, தயங்கி, மேலே வந்தது. பெஞ்சுகளின் மேல் ஏறி நின்று கத்தினார்கள்.

"அப்ப எங்க அப்பா மட்டும் எப்பிடி டீச்சர் கடல்ல மிதக்காரு?" என்று கேட்டாள் கலக்கியவள். நுரையீரலில் இருக்கும் காற்றைப் பற்றி மணி அடிக்கும்வரை பேசினோம். தலைமையாசிரியை அதற்கு முன்பே போய்விட்டார்.

மாலையில் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் வீடியோ வந்தது. குட ஊர்வலம், நாதஸ்வர இசை, மிதக்கும் முட்டை. மூழ்கியதும் இல்லை, உப்பும் இல்லை, கேள்வியும் இல்லை. மேலே 'கடல் நீரில் மிதக்கும் முட்டை' என்று தலைப்பு. கீழே கைதட்டும் படங்கள் வரிசையாக. முட்டை வேகவைக்க மட்டும் தெரிந்தவர்கள்கூட விஞ்ஞானத்தை வாழ்த்தியிருந்தார்கள். துபாயிலிருந்து கணவர், "இனி வேலை உறுதி" என்று அனுப்பினார்.

மறுநாள் அதே மாணவி என் மேசைக்கு வந்தாள். "எங்க அண்ணன் கேக்கான் டீச்சர், 'வெறும் கடல் தண்ணியில முட்டை மிதக்கும்னு ஒங்க டீச்சரா சொன்னா? அவ கடலப் பாத்திருக்காளா?'ன்னு. நான் என்ன சொல்லட்டு?"

மதிய இடைவேளையில் குழுவில் எழுதினேன், அழித்தேன், மறுபடியும் எழுதினேன்: 'வெறும் கடல் நீரில் முட்டை மூழ்கியது. உப்புச் சேர்த்த பிறகுதான் மிதந்தது.' அனுப்பிய கையோடு பயம் வந்தது. நேரில் சொல்லியிருக்கலாமோ? கைக்குழந்தையை வைத்திருப்பவள் இதையெல்லாம் செய்யலாமோ? இன்றும் தெரியவில்லை. கைதட்டல் நின்றது. சற்று நேரத்தில் என் வரிகள் நீக்கப்பட்டு, அட்மின் மட்டுமே எழுதலாம் என்று குழு மாற்றப்பட்டது. வீடியோ அப்படியே இருந்தது.

ஆண்டின் கடைசி வேலை நாளில் அலுவலக உதவியாளர் அக்கா வந்து, "லேப் சாவியக் குடுத்துட்டுப் போவச் சொன்னாங்க டீச்சர்" என்றார்.

"அப்ப ஜூன்ல?"

"அத மேடம் எங்கிட்ட சொல்லல்ல."

தலைமையாசிரியையின் அறை சாத்தியிருந்தது. உள்ளே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு முட்டை மூழ்கியதையே வாயால் சொல்ல முடியாதவர், இதை மட்டும் என் முகம் பார்த்துச் சொல்லிவிடுவாரா? சாவியை அக்காவின் கையில் வைத்தேன்.