மாப்பிள்ளைக் காரின் பிளக்குகள்

போன கிழமை மருமகன் காரைக் கராஜுக்குக் கொண்டுபோனபோது நானும் கூடப் போய்க் குந்தியிருந்தேன். வீட்டில் இருந்தால் பேரப்பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்வார்கள். அதற்குக் கராஜே மேல். கராஜ்காரர் என்ஜினுக்குப் பொறி கொடுக்கிற பழைய பிளக் நாலையும் கழற்றினார். ஒன்றையாவது திருப்பிப் பார்க்க வேண்டுமே! நேரே குப்பை வாளிக்குள் போட்டுவிட்டார். எனக்கு மனம் கேட்கவில்லை. ஒன்றை எடுத்து நுனியைப் பார்த்தேன். மூக்கில் வைத்தும் பார்த்தேன். மருமகன் சிரித்துவிட்டார்.

"என்ன மாமா, அத்தர் போத்தலா அது?"

எனக்கு அத்தர்தான். எழுபதுகளின் கடைசியில் கல்முனை பஸாரில் ஒரு மோட்டார் சாமான் கடையில் விற்பனைக்கு நின்றவன் நான். கருகிய பெற்றோல் வாசம் அந்தக் கடையின் சுவரிலேயே ஊறிக் கிடந்தது. வெளிநாட்டுச் சாமான்கள் தாராளமாக வந்திறங்கிய காலம். இங்கிலாந்துப் பிளக்குக்குக் கொழும்புக்குச் சொல்லிவைத்து வழி பார்த்துக் கிடந்த டிரைவர்மார், எங்கள் கடையில் ஜப்பான் பெட்டிகள் அடுக்கியிருந்ததைக் கண்டு வாயைப் பிளந்தார்கள். யார் கேட்டாலும் பழைய பிளக்கைக் கொண்டுவரச் சொல்வேன். அதன் திருகு மரையின் நீளத்தைப் புதியதோடு சேர்த்து வைத்துப் பார்த்துத்தான் கொடுப்பேன். மரை கூடினால் உள்ளே பிஸ்டனில் போய் இடிக்கும். நுனி செங்கல் நிறமாக இருந்தால் என்ஜின் சுகம், வெளுத்திருந்தால் சூடு கூட, கரி அப்பியிருந்தால் ஆள் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டுகிறார். இதையெல்லாம் பெரிய டாக்குத்தர் மாதிரி அளப்பேன். ஸ்டியரிங்கை ஒரு நாளும் தொட்டறியாதவன் நான் என்பது டிரைவர்மாரில் ஒருத்தனுக்கு மட்டும்தான் தெரியும். அவன் ஜுனைதீன்.

ஜுனைதீன் சாய்ந்தமருதில் என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவன். பழைய மொரிஸ் மைனர் ஒன்றை வாடகைக் காராக ஹயருக்கு ஓட்டினான். வாய் ஓயாத மனிசன். கடைக்குள் நுழையும்போதே பிளக்கை மேசையில் உருட்டிவிட்டு, "டேய், எண்ட காருக்கு நாடி புடிச்சிப் பாரு" என்பான். பார்த்தால் அச்சொட்டாக அடுப்புக்கரி.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவார். கலியாணத்தன்று அவரை ஏற்றிப்போகிற கார் பெண் வீட்டு வாசல்வரைக்கும் இடையில் நிற்கவே கூடாது. நின்று, நாலு பேர் இறங்கித் தள்ளினார்களோ, தொலைந்தது. மச்சான்மார் ஆயுசுக்கும் விடமாட்டார்கள். "மாப்பிள்ளயத் தள்ளிக்கிட்டா வந்தீங்க?" என்று அவர் கிழவனாகும்வரை கேட்பார்கள். ஆகையால் கலியாண ஹயர் என்றால் டிரைவர்மார் முதல் நாளே புதுப் பிளக் போட்டுவிடுவார்கள். ஜுனைதீனின் கெட்டித்தனம் அதற்கும் மேலே. கலியாணம் முடிந்த கையோடு புதியவற்றைக் கழற்றி, துடைத்து, சீலைத் துண்டில் சுற்றி வீட்டு அலுமாரியில் வைத்துவிடுவான். அன்றாட ஓட்டத்துக்குப் பழைய கரிக்கட்டைகள்தான். அடுத்த கலியாணம் வந்தால் அலுமாரி திறக்கும்.

"புதுசப் போட்டே ஓடேன்டா" என்று சொல்லிப் பார்த்தேன்.

"பெருநாள் சட்டயப் போட்டுக்கிட்டா வயலுக்குப் போற?" என்றான்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். எங்கள் வீட்டிலும் நல்ல பீங்கான் கோப்பைகள் விருந்தாளிக்கென்று பூட்டித்தானே கிடந்தன.

அவனுக்கு வரிப்பத்தான்சேனையில் பெண் பார்த்தார்கள். றஹ்மா என்று பெயர். மாப்பிள்ளை உடுப்போடு நானே காரை ஓட்டிப்போவேன் என்று அடம்பிடித்து, வாப்பாவிடம் ஏச்சு வாங்கிப் பின்சீட்டில் குந்தினான். நானும் அந்தக் காருக்குள் நெரிபட்டுப் போனேன். புதுப் பிளக்கில் என்ஜின் என்ன அழகாக முனகியது தெரியுமா! வாசலில் போய் நின்றதும் என் விலாவில் இடித்து, "பாத்தியா?" என்றான். அவ்வளவு சந்தோஷமாக அவனை நான் கண்டதில்லை.

அடுத்த வருஷ மாரியில் றஹ்மாவுக்கு மாதம் நிறைந்திருந்தது. ஒரு பகல், கொட்டுகிற மழைக்குள் வலி வந்துவிட்டது. மாமியாரையும் ஏற்றிக்கொண்டு கல்முனை ஆஸ்பத்திரிக்குக் காரை விட்டிருக்கிறான். வயல்வெளி நடுவில் கார் இருமி இருமி நின்றுபோயிற்று. முன்னும் பின்னும் ஒரு வீடு வாசல் இல்லை. பொனட்டைத் திறந்து பிளக்கைக் கழற்றித் துடைத்தான், ஊதினான், உடுத்திருந்த சாரத்துக்குள் வைத்துத் தேய்த்தான். நனைந்த கரியில் பொறி பிறக்கவில்லை. நல்லவை அலுமாரிக்குள் சீலைத் துண்டில் கிடந்தன. கடைசியில் ஒரு டிரக்டர் வந்தது. அதன் இழுவைப் பெட்டியில் தார்ப்பாய்ப் படங்கு விரித்து, மேலே இன்னொரு படங்கைப் பிடித்துக்கொண்டு றஹ்மாவைக் கொண்டுபோனார்கள்.

றஹ்மா தப்பினா. பிள்ளை பிறக்கும்போதே மூச்சில்லை. ஆண் பிள்ளை. நேரத்தோடு போயிருந்தால் தப்பியிருக்குமா என்பது யாருக்கும் தெரியாது. அல்லாஹ்வின் நாட்டம் என்று ஊரே சொன்னது, நானும் சொன்னேன்.

நாற்பது நாள் கழிந்து கடைக்கு வந்தான். ஸ்டூலில் இருந்துகொண்டு நிலத்தையே பார்த்தான்.

"அவ ஒண்ணும் ஏசல்லடா. ஏசியிருந்தா நல்லம். சோத்தப் போட்டு வெச்சிட்டுச் செல்றா, 'என்னக் கலியாணம் முடிக்க வரக்குள்ள புதுசு போட்டு வந்தீங்க. என்னக் கொண்டு போகக்குள்ள பழசு போதுமெண்டு நினச்சிட்டீங்களா?' எண்டு. நான் என்னத்தடா செல்ற?"

பெட்டி பெட்டியாகப் பிளக் அடுக்கிக் கிடந்த மேசையைத் தாண்டிப் போய் அவன் பக்கத்தில் குந்தினேன். அந்த மாதமே அவன் காரை நாவிதன்வெளியில் ஒருவருக்கு விற்றுவிட்டு, றஹ்மா வீட்டு வயலைச் செய்யப் போய்விட்டான். புதுப் பிளக்கோடு கார் கிடைத்ததென்று வாங்கியவருக்குச் சந்தோஷத்தில் ஒரே புளுகம்.

எங்கள் கடை இருந்த இடத்தில் இப்போது கைத்தொலைபேசி விற்கிறார்கள். ஹயர் கார் ஸ்டாண்டும் இல்லை. கலியாணத்துக்கு வாடகைக்கு வெள்ளைக் கார்கள் வருகின்றன. வழியில் நிற்குமோ என்று யாரும் பயப்படுவதில்லை. ஜுனைதீனுக்கு அதன் பிறகு இரண்டு பெண்பிள்ளைகள் பிறந்து, இருவரும் கரைசேர்ந்துவிட்டார்கள். கண்டால் விதைப்பைப் பற்றியும் வாய்க்கால் தண்ணீரைப் பற்றியும் கதைப்பான், கார்க் கதை எடுக்கவே மாட்டான். ஆனால் கார் விற்று வெகுகாலம்வரை, றோட்டில் எந்தக் கார் இருமி நின்றாலும் கதையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடுவான். யார் எவரென்று பார்ப்பதில்லை. வெள்ளைச் சாரம் சேறாக, என்ஜின் பிடிக்கும்வரை தள்ளிவிட்டுத்தான் வருவான்.

இப்போது கார்கள் அப்படி நிற்பதே இல்லை. அவனுக்கு ஓடிப்போய்த் தள்ளிவிட ஒன்றுமில்லை.