கண்ணுக்குத் தெரியாத கிரகணம்

இன்று மாலை வேலை முடிந்து நாவலூரில் திருப்போரூர் பஸ் ஏறினேன். எனக்கு ஏழாவது மாதம். ஜன்னலுக்கு வெளியே, கடல் பக்கம், முழு நிலா ஏறியிருந்தது.

பக்கத்து சீட் அக்கா பதறிவிட்டார். "புள்ளத்தாச்சிப் பொண்ணு, கிரகண நேரத்துல இன்னாத்துக்கு வெளிய வந்துகினு கீற?"

"இது புறநிழல் கிரகணம்க்கா. நிலாவுலேர்ந்து பாத்தா பூமி சூரியனை அரைகுறையாத்தான் மறைக்கும். அந்த லேசான ஓர நிழல்லதான் நிலா போவுது. வெளிச்சம் துளி மங்கும், கண்ணுக்கே தெரியாது."

அக்கா நிலாப் பக்கம் திரும்பாமலே சொன்னார். "தெரிஞ்சா ஒதுங்கி நிக்கலாம். தெரியாததுலேர்ந்து எப்டிம்மா ஒதுங்குவ?"

அப்போதுதான் உறைத்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு குழந்தை அசையவே இல்லை.

கேளம்பாக்கம் போனது. தையூர் போனது. வயிற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. நிலா பளிச்சென்று கூடவே வந்தது. ஷட்டரை இறக்கிவிட்டேன்.

திருப்போரூரில் இறங்கப் படியில் கால் வைத்தபோது விழுந்தது ஓர் உதை. கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

கிரகணத்தன்று வெளியே சுற்றிவிட்டு நல்லபடியாகப் பிள்ளை பெற்றவர்கள் கமெண்டில் வந்து சொல்லுங்கள். அறிவியலுக்காகத்தான் கேட்கிறேன், வீட்டு ஜன்னல்களையெல்லாம் சாத்திவிட்டு.