எழுநூறு வயது டிராகனின் குரல்

நான்கு மாடிக் கடையொன்றில் இருபத்திரண்டு வருடமாக அறிவிப்பாளர் வேலை பார்த்துவந்தார் அவர். காணாமல் போன குழந்தை, வாசலை மறித்து நிற்கும் நீல நிற கார், மூன்றாம் மாடியில் மெத்தைத் தள்ளுபடி, எல்லாவற்றையும் ஒரே குரலில் சொல்வார். கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற குரல். காணாமல் போன குழந்தைகள் அதைக் கேட்டதும் அழுகையை நிறுத்திவிடும், பயத்தில். கடையில் அவருக்குப் பெயர் மைக் அண்ணன்.

குக்கர் மூடி மாற்ற வந்த ஒரு பெண், மூடியைக் கையில் வைத்துக்கொண்டே அறிவிப்பு அறையைத் தேடி வந்து எட்டிப் பார்த்தாள்.

"சார், டிராகனா இருக்கச் சம்மதமா?"

"கடையிலயாம்மா?" என்று கேட்டார் மைக் அண்ணன்.

கடையில் இல்லை. அவள் டப்பிங் டைரக்டர். ஜப்பானிலிருந்து வந்த மாயாஜால அனிமே கார்ட்டூன் தொடர் ஒன்றைத் தமிழில் கொண்டுவருகிறாள். பதின்மூன்று பாகம். மலை உச்சியில் எழுநூறு வருடமாகக் காவல் இருக்கும் டிராகன். மலையைப் பிடிக்கப் புறப்பட்ட ஐந்து நாட்டுப் படைகள். நடுவில் மாய வாளோடு பதினாறு வயதுப் பையன். போஸ்டரைக் காட்டினாள். முக்கால்வாசி இடத்தை டிராகனே அடைத்துக்கொண்டிருந்தது. மைக் அண்ணனுக்கு மார்பு ஓர் அங்குலம் விரிந்தது.

வீட்டில் மனைவியிடம் சொன்னார். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். எதையும் இரண்டு முறை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் பேசுவாள்.

"நெருப்புத் துப்புமே, அதா?"

"அதேதான்."

"உங்களுக்கு ஏற்கெனவே நெஞ்செரிச்சல். பாத்துக்குங்க."

மாடியில் குடியிருந்த மச்சான், அதாவது அவளுடைய அண்ணன், சர்வே ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றவர். போர் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அஞ்சு நாட்டுப் படையா? மாப்பிள்ளை, எனக்கு எல்லாத்தையும் முன்னாடியே சொல்லிடணும்."

முதல் ஞாயிற்றுக்கிழமை பதிவு பிரமாதமாக நடந்தது. கண்ணாடித் தடுப்புக்குள் நின்று, டிராகன் ஒரு கண்ணைத் திறக்கும் நேரம் பார்த்து, "எழுநூறு ஆண்டு உறக்கத்தைக் கலைத்தவன் எவன்?" என்றார் மைக் அண்ணன். மேஜைமேல் இருந்த டீ கிளாஸ் நடுங்கியது. ஒலிப்பதிவாளர் எழுந்து நின்றே கைதட்டினார்.

இரண்டாம் பாகத்தில் பையன் மந்திரப் பள்ளியில் சேர்ந்தான். அங்கே ஒரு பெண் இருந்தாள். மூன்றாம் பாகத்தில் ஒரே புத்தகத்தை எடுக்கப் போய் இருவர் கையும் உரசிவிட, அதற்கு மட்டும் பதினோரு நிமிடம் ஆனது. நான்காம் பாகத்தில் டிராகன் குறட்டை விட்டது. ஐந்தில் மழை, ஒரே குடை. ஆறில் நரிவால் முளைத்த இன்னொரு பெண் வந்து, முதல் பெண்ணைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஏழாம் பாகத்தில் ஒருவழியாகப் போர் மூண்டது. ஆனால் அது பள்ளி நடன விழா நடந்த கூடத்தின் ஜன்னலுக்கு வெளியே, தூரத்தில், புகையாக மூண்டது. உள்ளே பையன் யாரோடு ஆடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தான். மைக் அண்ணன் வாராவாரம் இரண்டு பஸ் மாறிப் போய் "ம்ம்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

மச்சான் தினமும் மாடிப்படியில் மடக்கினார். "படை எங்க வரைக்கும் வந்திருக்கு?"

"வந்துகிட்டு இருக்கு, மச்சான்."

"நடந்தா வர்றாங்க?"

எட்டாம் பாகத்தில் டிராகனுக்கு நீண்ட வசனம் இருப்பதாக டைரக்டர் போனில் சொன்னாள். மைக் அண்ணன் அன்று காலையிலிருந்து வெந்நீர் மட்டும் குடித்துவிட்டுப் போனார். தாளை வாங்கிப் படித்தார். பையன் மலையேறி வந்து டிராகனிடம் யோசனை கேட்கிறான். டிராகன் சொல்கிறது: "அவளிடம் மனதைச் சொல்லிவிடு. நீ மௌனமாக இருந்தால் அவள் எப்படி அறிவாள்?"

"ஏம்மா, எழுநூறு வருஷம் காவல் காத்தது இதுக்குத்தானா?"

டைரக்டர் பெருமூச்சு விட்டாள். "எனக்கு மட்டும் ஆசையா சார்? ரெண்டு பாகம் பாத்துட்டுத்தான் ஒத்துக்கிட்டேன். போர் சினிமா எடுக்கணும்னு வந்தவ நான். இப்ப யாரு எத்தனை தடவை வெக்கப்பட்டாங்கன்னு எழுதி வெச்சிட்டிருக்கேன்."

ஏழு முறை சொல்லிப் பார்த்தார். ஏழு முறையும் நீல நிற காரை உடனே எடுக்கச் சொன்ன மாதிரியே இருந்தது.

"சார், கொஞ்சம் மனசுலேர்ந்து வரணும். வீட்டுல யார்கிட்டயாவது இப்படிப் பேசியிருக்கீங்கல்ல, அதை நெனைச்சுக்குங்க."

மைக் அண்ணன் நினைத்துப் பார்த்தார். நிறைய நேரம் நினைத்தார். கல்யாணமாகி இருபத்து நான்கு வருடத்தில் மனைவியிடம் அதிகம் சொன்னது "சாவியை எடுத்துட்டியா?" என்பதுதான் என்று தெரிந்தது. பதிவை மறுநாளைக்கு ஒத்திவைத்தார்கள்.

அன்று மாலை அவள் சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் வாசற்படியில் நின்று, தாளைப் பார்க்காமல் சொன்னார்: "அவளிடம் மனதைச் சொல்லிவிடு. நீ மௌனமாக இருந்தால் அவள் எப்படி அறிவாள்?"

கத்தி நின்றது. "யாருகிட்ட?"

"வசனம்."

"அதான், யாருகிட்ட சொல்ற வசனம்?"

விளக்கிச் சொன்னார். அவள் இரண்டு முறை அவரை உற்றுப் பார்த்தாள். பிறகு கத்தியை வைத்துவிட்டு, "இன்னொரு தடவை" என்றாள். சொன்னார். "பயமே இல்லாம சொல்றீங்க" என்றாள். "அந்த டிராகன் யார்கிட்டயோ சொல்லாம விட்டிருக்கும். அதான் தனியா மலையில கிடக்கு. அந்த வருத்தத்துல சொல்லுங்க."

"அப்படிக் கதையில இல்லையே."

"கதையில என்னதான் இருக்கு?"

அவர் அங்கேயே நின்று, அவள் முகத்தைப் பார்த்தபடி மூன்றாம் முறை சொன்னார். நடுவில் குரல் உடைந்தது. இருமல் என்று சொல்லிச் சமாளித்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு, நறுக்கிய பீன்ஸையே மறுபடி நறுக்கினாள்.

மறுநாள் ஒரே முறையில் முடிந்தது. டைரக்டர் பதிவை நிறுத்தும் பொத்தானை அமுக்க மறந்துபோனாள், ஒலிப்பதிவாளர்தான் அமுக்கினார். வீடு திரும்பிய மைக் அண்ணன், செருப்பைக் கழற்றும்போதே, "நீ சொன்னதுதான் சரி" என்றார்.

"என்ன சொன்னீங்க?"

"நீ சொன்னதுதான் சரின்னேன்."

காதில் விழாததால் அவள் அப்படிக் கேட்கவில்லை.

தொடர் டிவியில் ஓடி முடிந்தது. கடைசிப் பாகத்தை மூன்று பேரும் உட்கார்ந்து பார்த்தார்கள். பையன் முதல் பெண்ணிடம் மனதைச் சொன்னான். பின்னணிக் குரல் ஒன்று, "இதற்கிடையே போர் தொடர்ந்தது" என்றது. எழுத்து ஓடத் தொடங்கியது. மச்சான் அந்த எழுத்து முடிகிற வரை, படை ஏதாவது வருமா என்று காத்திருந்துவிட்டு மாடிக்குப் போனார். பார்த்தவர்கள் எல்லோரும் திட்டினார்கள் என்றும், அடுத்த சீசன் கிடையாது என்றும் டைரக்டர் போனில் சொன்னாள்.

"அப்ப மலை என்னம்மா ஆச்சு?"

"மூலக்கதை எழுதினவரே இன்னும் போர் வரைக்கும் வரலையாம் சார். பதினாலு புத்தகம் எழுதியாச்சு."

மைக் அண்ணன் இதை மச்சானிடம் சொல்லப் படியேறினார். மச்சான் ஈஸிச்சேரில் கவலையோடு சாய்ந்திருந்தார்.

"மாப்பிள்ளை, யாருதான் ஜெயிச்சாங்க?"

பொய் சொல்லிப் பழக்கமில்லாத மைக் அண்ணன் கொஞ்சம் யோசித்தார்.

"மலைக்காரங்கதான், மச்சான்."

"டிராகன்?"

"நாலு படையை அதுவே பாத்துக்கிச்சு."

"அஞ்சாவது?"

"அஞ்சாவது வழி தெரியாம வேற மலைக்குப் போயிடுச்சு."

"சர்வே சரியில்லன்னா அப்படித்தான் ஆகும்" என்றார் மச்சான், நிம்மதியாக.