கம்பி மூக்குக்குள் இருந்தபோது

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் கடைசியில் எனது வலது மூக்கு மாதக்கணக்காக அடைத்தே கிடந்தது. பிறகு இரத்தமும் வரத் தொடங்கியது. புற்றுநோய்தான் என்று நானே முடிவுகட்டி, உப்புவெளிக் கடற்கரையில் மனைவிக்குத் தெரியாமல் அழுதேன்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் நெற்றியில் கட்டிய வட்டக் கண்ணாடியால் விளக்கு வெளிச்சத்தை மூக்குக்குள் பாய்ச்சிப் பார்த்தார். "உள்ளுக்க ஒரு சதை வளர்ந்து கிடக்கு. எடுத்துச் சோதிச்சாத்தான் என்னெண்டு சொல்லலாம்" என்றார்.

மூக்கை மட்டும் விறைக்கச் செய்து, என்னைக் கதிரையில் இருத்தியே சத்திரசிகிச்சையைத் தொடங்கினார். சதையை அறுத்தெடுக்க அவர் உள்ளே விட்ட கம்பி வளையம் அதை இறுக்கிய நேரத்தில் மின்சாரம் நின்றுவிட்டது. யன்னல் சாத்தியிருந்த அறையின் இருட்டில் இரத்தம் தொண்டைக்குள் இறங்கியது. நான் எழும்பப் பார்த்தேன்.

"டொக்டர், ஏலாது! விடுங்கோ!"

அவர் கம்பியை விடவில்லை. "எனக்கும் பயமாத்தான் கிடக்கு, தம்பி. ரெண்டு பேரும் அசையாம இருப்பம்" என்றார்.

அதைக் கேட்டதும் நான் கதிரையின் கைகளைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தேன். தாதி ஓடிப்போய் யன்னலைத் திறந்தார். துறைமுகப் பக்கமிருந்து வந்த வெயிலைக் கண்ணாடியில் பிடித்து, டொக்டர் அந்தச் சதையை முழுதாக வெளியே எடுத்தார்.

சோதனை முடிவு கொழும்பிலிருந்து வந்தது. அது புற்றுநோய் இல்லை, சாதாரணக் கட்டி.

பயந்திருப்பவர்களிடம் "பயப்படாதே" என்று இப்போது நான் சொல்வதில்லை. எனக்கும் பயம்தான் என்று சொல்லி, அவர்களுக்குப் பக்கத்தில் இருந்துவிடுகிறேன்.